மாடியை எண்ணும் கட்டணம்

ஆள் நடமாட்டத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து விளக்கை ஏற்றி அணைக்கும் சூரிய உணரி உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் முகத்திலுள்ள சிறு தகட்டுக்கு ஜன்னல் வெளிச்சமே போதும். பகலில் சேர்த்த மின்சாரத்தில், தேவைப்படும்போது மட்டும் ஒரு நொடிக்கும் குறைவான ரேடியோ சமிக்ஞையை அனுப்பும். சுவரைக் கொத்தி ஒயர் இழுக்க வேண்டாம். பேட்டரியும் மாற்ற வேண்டாம். 2001-இல் சீமென்ஸிலிருந்து பிரிந்த ஜெர்மனியின் என்ஓஷன் நிறுவனம் பரப்பிய நுட்பம் இது. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைக்கு உரிமமும் தேவையில்லை.

முத்தாபுதுப்பேட்டை போன்ற சென்னைப் புறநகரில் இதற்கு வேலை இருப்பது அடுக்குமாடிகளின் பொது மீட்டரில். மாடிப்படி விளக்கு காலை பத்து மணிக்கும் எரிகிறது. அதே மீட்டரில் ஓடும் மோட்டாரால் மேல்தொட்டி நிறைந்து வழிந்து, குழாயடிச் சிமென்டுத் தரையில் பாசி பிடித்துவிடுகிறது. சத்தம் கேட்டபிறகே மோட்டாரை நிறுத்த யாராவது ஓடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பொது மீட்டரை 2022 செப்டம்பரில் வீட்டுக் கட்டணத்திலிருந்து பிரித்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2023-இல் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். யாருக்கு? பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். சிக்கனத்துக்கு அந்த விதியில் இடமே இல்லை. முழங்கால் வலியோடு படியேற முடியாத முதியவர்களுக்காக லிஃப்ட் வைத்த எட்டு வீட்டுக் கட்டடம் சலுகையை இழக்கிறது. பதினோராவது வீடு இருந்தாலும் அதே கதிதான். உணரி பொருத்தி அவர்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் யூனிட் விலை இறங்காது. பக்கத்துக் கட்டடத்தில் பட்டப்பகலில் விளக்கெரிந்தாலும் லிஃப்ட் இல்லை என்பதற்காகச் சலுகை உண்டு. மீட்டர் காட்டும் எண்ணைப் பார்க்காமல் மாடியை எண்ணி விலை வைப்பது அநியாயம்.

இப்படி முடிவெடுத்த ஆட்சியாளர்களின் பழைய கணக்கும் நல்லதாக இல்லை. 2021 தேர்தலில் வாக்குறுதியளித்த மாதாந்திர மின் கணக்கீடு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அதற்கு வழிசெய்யும் ஸ்மார்ட் மீட்டர் தியாகராய நகரில் சோதனையாக வந்தது. அதை விரிவாக்கும் ஒப்பந்தப்புள்ளியோ 2024 டிசம்பரில் ரத்தானது. இரண்டு மாதத்துக்கொருமுறை குறிக்கும் எண்ணை வைத்துக்கொண்டு எந்த விளக்கு, எந்த மோட்டார் மின்சாரத்தைத் தின்றது என்று குடியிருப்போர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அளந்து பார்க்கும் கருவியையும் தராமல், அளவாகச் செலவழிப்பவருக்குச் சலுகையும் தராமல், கட்டணத்தை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள்.

பொது மீட்டரின் விலை பயன்பாட்டைப் பொறுத்து அமைய ஒரு வழி காண வேண்டும். உணரி பொருத்தும் குடியிருப்புகளுக்கு ஏதேனும் ஊக்கம் வேண்டும். அதில் லிஃப்ட் உள்ள கட்டடங்களும் சேர வேண்டும்.