கேம் ஆட புது டிவி வேண்டாம், கேம் மோடு போதும்

பொழிச்சலூர் ஃபிளாட் ஹாலில் மாட்டிய புது டிவி, பெரும்பாலும் ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘விவிட்’ மோடிலேயே கிடக்கும். ‘விவிட்’ ஷோரூம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கானது. அதிலேயே பிஎஸ்5 ஆடினால், பட்டன் அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிப்பான். பழி கன்சோல் மேல விழும். இல்லன்னா அடுத்த டிவிக்கு இஎம்ஐ கணக்கு ஆரம்பிக்கும்.

அவசரமே வேண்டாம். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் இது. 60 ஃபிரேம் கேமில் 100 மில்லி விநாடி தாமதம் என்றால் 6 ஃபிரேம் போச்சு. ‘கேம் மோடு’ போட்டால் அந்த வேலைகளில் பெரும்பகுதியை டிவி விட்டுவிடும். ஏஎல்எல்எம் வசதி இருந்தால் தானாகவே மாறும். இல்லாவிட்டால் ரிமோட்டைத் தேட வேண்டியதுதான். கலர் மங்கலா தெரியுதேன்னு மறுபடி விவிட்டுக்கு ஓடக் கூடாது, ரெண்டு நாள்ல கண் பழகிடும்.

ஏமாற்றுகிற பெயர் ‘பிரைட்னஸ்’. பல டிவிகளில் அது மாற்றுவது கறுப்பின் அளவை. ஏற்றினால் இருட்டுக் காட்சி சாம்பல் பூத்துவிடும். வெளிச்சம் வேண்டுமென்றால் ‘பேக்லைட்’டைக் கூட்டணும். எச்டிஆர் டிவியில், கன்சோலுக்குள் இருக்கும் எச்டிஆர் அட்ஜஸ்ட்மென்ட்டை கேம் மோடுக்கு மாறிய பிறகே செய்யணும். முன்னாடி செய்தால் வீண்.

முதல் தடவை ஆன் செய்யும்போது ‘வீடா, கடையா?’ என்று கேட்கும் டிவிகள், ‘கேம் ஆடுவீங்களா?’ என்றும் கேட்டிருக்கலாம்.