டிஎன் 68 வந்தாச்சு... மாவட்டம் எப்போ? கும்பகோணத்தின் நம்பர் பிளேட் கணக்கு!

சென்னை சிக்னலில் முன்னால் நிற்கும் காரில் 'டிஎன் 68' என்று இருந்தால் போதும், "அட, நம்ம ஊரு வண்டி!" என்று கும்பகோணத்துக்காரர்களின் முகம் மலர்ந்துவிடும். வெறும் பதிவு எண் எப்படி ஊரின் அடையாளமானது? பார்க்கலாம்.

எண் எதைக் குறிக்கிறது?

டெல்டாவில் தஞ்சாவூருக்கு 49, திருவாரூருக்கு 50, நாகப்பட்டினத்துக்கு 51, மயிலாடுதுறைக்கு 82. இதைப் பார்த்து மாவட்டத்துக்கு ஒரு எண் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஆர்டிஓ அலுவலகத்துக்கான எண். அதனால்தான் தஞ்சை மாவட்டத்துக்குள் இருந்தாலும் கும்பகோணத்துக்குத் தனி எண் கிடைத்தது.

கும்பகோணத்துக்கு என்ன ஏக்கம்?

பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் வந்தது. 2020-ல் நாகையிலிருந்து மயிலாடுதுறையும் தனி மாவட்டமானது. கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. ஆனால் நீண்ட நாள் கோரிக்கையான தனி மாவட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

இப்போது நிலைமை இதுதான்: எம்.பி. தொகுதி மயிலாடுதுறை, கலெக்டர் ஆபீஸ் தஞ்சாவூர். வண்டி நம்பர் மட்டும் சொந்தம்! அந்த எண் மீது இவ்வளவு பாசம் வர இதுவும் ஒரு காரணம்.

வேறு எங்கும் இப்படி உண்டா?

ஜெர்மனியில் கதை தலைகீழ். அங்கே மாவட்டங்களை இணைத்தபோது பல ஊர்களின் வாகன எழுத்துகள் காணாமல் போயின. 2012-ல் விதி தளர்த்தப்பட்டதும் பழைய எழுத்துகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. மாவட்டம் திரும்பவில்லை, நம்பர் பிளேட்டில் ஊர் திரும்பி வந்தது.

ஊர்ப் பெருமையை பிளேட்டிலேயே எழுதலாமா?

கூடாது. ஊர்ப் பெயர், தலைவர் படம், நடிகர் படம் எதுவும் நம்பர் பிளேட்டில் இருக்கக் கூடாது. விதியை மீறினால் முதல்முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் அபராதம்.

நம்பர் வந்ததால் மாவட்டமும் வந்துவிடுமா?

இரண்டுக்கும் தொடர்பில்லை. எண் கொடுப்பது போக்குவரத்துத் துறை. மாவட்டத்தைப் பிரிக்க அரசு கொள்கை முடிவெடுத்து அரசாணை போட வேண்டும்.

அதுவரை, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கணும்னா, கும்பகோணத்துக்காரர் தன் டிஎன் 68 வண்டியை எடுத்துக்கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சாவூருக்குத்தான் போகணும்!