பன்னத்துக்குத் தோட்டம் வேண்டாம்

பன்னம் வளர்ப்பது எப்படி என்று சொல்லித் தருகிற காணொளி எதைத் திறந்தாலும் முதல் அறிவுரை ஒன்றுதான்: தோட்டத்தில் நிழலான ஒரு மூலையைத் தெரிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம்? முகத்துவாரத்தில தோட்டம் எண்டால் ஒரு பொதுக் குழாயைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிற வரிசை வீடுகள். மலையகத்தில தோட்டம் எண்டால் தேயிலையும் லயமும். செடி வைக்கிற தோட்டம் கொழும்பு ஏழில இருக்கு.

அதனால பன்னம் வசதியானவர்களின் செடி என்று எங்கட ஆக்களே சொல்லுறாங்க. நாங்கள் அதை ஏற்கவில்லை. வரலாறு வேறு கதை சொல்லுது.

1829இல், லண்டனின் கிழக்கே, துறைமுகத்தை அண்டிய பகுதியில் நத்தானியல் வார்ட் என்ற வைத்தியர் பன்னம் வளர்க்கப் பார்த்தார். நிலக்கரிப் புகையில் எல்லாம் செத்துப் போச்சு. அவர் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடி வைத்திருந்தார். அதற்குள் ஒரு பன்னம் தானாக முளைத்தது. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்பவும் மண்ணுக்கே இறங்கும். புகை உள்ளே வராது. 1842இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், இந்த முறை ஏழைகளின் வாழ்வுக்கு எப்படி உதவும் என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு.

அந்தப் பெட்டிக்கு என்ன நடந்தது? பணக்காரரின் வரவேற்பறைக்கு அலங்காரமாகப் போனது. பிறகு கப்பலேறியது. 1876இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் இதே பெட்டிகளில்தான். ஹெனரத்கொடையில் நட்டார்கள். பின்னால் இறப்பர்த் தோட்டங்கள் வந்தன. அங்கே பால் வெட்ட எங்கட சனம் வந்தது. ஏழையின் ஜன்னலுக்கென்று வார்ட் நினைத்த பெட்டி, ஏழையைக் கூலியாக்கிய தோட்டங்களுக்குக் கன்று சுமந்தது.

போத்தலை நாங்கள் திரும்ப எடுப்போம். பன்னத்துக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடியில் இருக்கிற கபிலப் புள்ளிகளில் வித்திகள் இருக்கு. அவை காற்றில் பறந்து சுவர் வெடிப்பிலும் கான் ஓரத்திலும் தாமாக முளைக்குது. அதில் சின்னது ஒன்றை வேரோடு மெதுவாக எடுங்கோ. வாய் அகன்ற ஜாம் போத்தலில் அடியில் பொடிக்கல், கொஞ்சம் கரி, மேலே மண்ணும் தும்புத்தூளும். இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் போதும். மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கோ. நாள் முழுக்கக் கண்ணாடி மங்கியே இருந்தால் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கோ. கடல் காற்றின் உப்பு உள்ளே போகாது. பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீர் இல்லாதபடியால் நுளம்புக்கும் இடமில்லை. டெங்கு பார்க்க பி.எச்.ஐ. வந்தாலும் பயப்படத் தேவையில்லை.

மலைப் பன்னத்துக்கு ஆசைப்படாதீங்க. குளிரில் வளர்ந்தது எங்கட வெக்கையில் வாடும். ஹோர்ட்டன் சமவெளி மாதிரியான தேசியப் பூங்காவில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

வீட்டுப் பிரச்சினையே தீராத இடத்தில் பன்னமா என்று சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். தோட்டத்து வீடுகளில் இருந்தவர்களை ஏறத்தாழ 400 சதுர அடி அடுக்குமாடி வீடுகளுக்குள் ஏற்றியபோது, வாசலில் இருந்த கறிவேப்பிலையும் துளசியும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வீடு எண்டால் கூரையும் கதவும் மட்டும்தான் என்று முடிவெடுத்தவர்கள், ஏழைக்குப் பச்சை தேவையில்லை என்றும் சேர்த்தே முடிவெடுத்தார்கள். நாங்களும் அப்படியே நினைத்தால் அவர்களுக்கு வேலை இன்னும் சுகம்.

போத்தலோடு நாங்கள் திருப்திப்படப் போவதில்லை. அடுத்த மாடிக்கு வரைபடம் கீறும்போது தரையில் மண்ணும், ஒவ்வொரு தளத்திலும் நிழலான ஒரு பொது இடமும் அதில் இருக்க வேணும். அதைக் கேட்கப் போகும் கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஜாம் போத்தலோடு போவோம்.