டெண்டரில் கேட்காதது பெட்டியில் வராது

"லினக்ஸா? அது நம்ம மிஷினுக்கெல்லாம் ஒத்துவராதுங்க. டிரைவரே கிடைக்காது." நாமக்கல், சேந்தமங்கலம் பக்கம் கணினிக் கடையில் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள், அதிகாரிகள் சொல்கிறார்கள், பொறியியல் முடித்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். கணினி தயாரிக்கும் கம்பெனிகள் விண்டோசுக்காகவே தயாரிக்கின்றன. திறந்த மூல இயங்குதளம் பெங்களூரில் ஏசி அறையில் இருப்பவர்களின் பொழுதுபோக்கு. கொல்லிமலைப் பிள்ளையின் கையில் அதைக் கொடுப்பது அவனை ஏமாற்றுகிற வேலை. இப்படி ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதில் பாதி உண்மை இருந்தது. இன்று கால் பங்குகூடத் தேறாது.

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் இருந்துகொண்டு இதை யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு மடிக்கணினி மக்கர் செய்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும், பேருந்துச் செலவு தனி. அதற்குப் பிறகு கடைக்காரர் சொல்வார்: "இது பழைய மாடல், புதுசு வாங்கிடுங்க." வீட்டில் இருப்பதோ அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கி கொரோனா காலம் வரை பல லட்சம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த கணினி அது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராம்தான். இவற்றுக்கு ஆதரவை நிறுத்தியது யார்?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அடுத்தது விண்டோஸ் 11. அதை முறையாக நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். அதாவது 2017க்கு முன் வந்த இன்டெல் கணினிகள் அநேகமாக எல்லாமே வெளியே. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது, ஆனாலும் வெளியே. அதே கணினியில் 4 ஜிபி ராம் போட்டு, பழைய வட்டைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ தாராளமாக ஓடும். ஹார்டுவேரைக் கைவிடுவது லினக்ஸ்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கைவிட்டது எது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) விஷயத்தைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும், மொத்தக் குழப்பமும் அங்கேதான். விண்டோசில் பெரும்பாலும் கருவி செய்த கம்பெனியே டிரைவரை எழுதித் தரும். கம்பெனிக்கு அந்த மாடலில் லாபம் வற்றிவிட்டால் டிரைவரும் வற்றிவிடும். கேனான் லைடு 20 என்றொரு ஸ்கேனர் இருந்தது. 64 பிட் விண்டோசுக்கு அதற்கு டிரைவரே வரவில்லை. கண்ணாடி உடையாத நல்ல ஸ்கேனர்கள் எடைக்குப் போயின. லினக்ஸில் சேன் என்ற திட்டம் அந்த ஸ்கேனரை இன்றும் ஓட்டுகிறது. காரணம், லினக்ஸ் உலகில் டிரைவர்கள் பெரும்பாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயோ பொதுத் திட்டங்களிலோ மூலநிரலோடு கிடக்கின்றன. கம்பெனி கடையைச் சாத்திவிட்டாலும் வேறு யாராவது எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருக்க முடியும்.

கம்பெனிகளும் பழைய கம்பெனிகளாக இல்லை. இன்டெல் பல ஆண்டுகளாகத் தன் டிரைவர்களைக் கெர்னலுக்குள்ளேயே எழுதிக் கொடுக்கிறது. எச்பி தன் அச்சுப்பொறிகளுக்கு எச்பிலிப் என்ற திறந்த மூலத் தொகுப்பை வைத்திருக்கிறது. டெல் 2007இலேயே உபுண்டு போட்ட மடிக்கணினியை விற்கத் தொடங்கியது; 2020இல் லெனோவோ தன் திங்க்பேட் பி வரிசை முழுவதற்கும் லினக்ஸ் சான்றிதழ் வாங்குவதாக அறிவித்தது. எல்லாவற்றையும் விட என்விடியா கதை ருசியானது. 2012இல் பின்லாந்தில் ஒரு மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாலேயே நடுவிரலைக் காட்டித் திட்டிய கம்பெனி அது. பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதம், அதே என்விடியா தன் கெர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டது. மனம் திருந்தியெல்லாம் இல்லை. அதன் சில்லுகளை லாரி லாரியாக வாங்குகிற தரவு மையங்கள் ஓடுவது லினக்ஸில்.

எனக்கு இந்தச் சண்டையில் சொல்ல இருப்பது இதுதான்: ஹார்டுவேர் ஆதரவு என்பது வாங்குபவன் கேட்டால் வருவது, கேட்காவிட்டால் வராதது. தமிழ்நாட்டு அரசைப் போல ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கில் கணினி வாங்குகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அப்படிப்பட்டவர் "டிரைவர் கிடைக்காதே" என்று அங்கலாய்ப்பது வேடிக்கை.

கேட்டுப் பார்த்த காலம் ஒன்று இங்கேயே இருந்தது. சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. பெயர் பெற்ற கம்பெனிகளே அவற்றைக் கொடுத்தன. வானம் இடிந்து விழவில்லை. பின்னர் ஆட்கள் மாறினார்கள், அக்கறையும் மாறியது. 2011இன் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7உடன் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. ஆனால் ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, பழுது பார்ப்பவருக்கு அறிமுகம் இல்லை. கடைக்குப் போனதும் முதல் வேலையாக பாஸை அழித்து "இடம் மிச்சம்" பண்ணிக் கொடுத்தார்கள். பெயருக்கு வைத்ததைப் பெயர் தெரியாமல் அழித்தார்கள். அதை லினக்ஸின் தோல்வி என்று எழுதிவைத்திருக்கிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 2007இலேயே பத்தாம் வகுப்பு ஐடி தேர்வைக் கட்டற்ற மென்பொருளில் நடத்திவிட்டார்கள். கேரள அரசின் கைட் நிறுவனத்தின் ஹைடெக் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்குப் போனது. மடிக்கணினிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் ஒப்பந்தத்திலேயே உண்டு. ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட அவர்களுடைய சொந்தத் தொகுப்பு. அட்டப்பாடியும் வயநாடும் கொல்லிமலையைப் போலவே பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிற மலைகள்தான். அங்கே ஓடுவது இங்கே மட்டும் ஏன் ஓடாது? மலையாளிக்கு மட்டும் தனி மதர்போர்டு செய்து அனுப்புகிறார்களா என்ன.

"வேலை கிடைக்காது" என்றும் சொல்வார்கள். அப்படியானால் பாடத்திலேயே வைத்தது ஏன்? தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் 2018இல் வெளியிட்ட பதினோராம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு இருக்கிறது, ஓபன் ஆபிஸ் ரைட்டரும் கால்க்கும் இருக்கின்றன. பாடத்தில் வைத்துவிட்டு ஆய்வகத்தில் வேறொன்றைத் திறப்பது நம் பள்ளிகளுக்கே உரிய சாமர்த்தியம். கிராமத்துப் பிள்ளைக்கு லினக்ஸ் வராது என்பவர்கள் ஒரு முறை விழுப்புரம் போய் வரலாம். அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குத்தான் அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் கடைகளில் தவறாமல் கண்ணில் படுகிற கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். கம்பெனி கொடுத்த டிரைவர் மூடிய பெட்டி, பழையது. ஆர்வலர்கள் எழுதிய மாற்று இன்னும் அரைகுறை. சில மலிவு வைஃபை சில்லுகளுக்கு டிரைவர் பின்னால்தான் வந்து சேர்கிறது. மலையில் சிக்னலே திணறும்போது அதை இணையத்தில் தேடி இறக்குவது கொடுமை. கைரேகைக் கருவிகள் பலவற்றின் மென்பொருளும் விண்டோசையும் ஆண்ட்ராய்டையும் பார்த்தே எழுதப்பட்டது. ஆனால் ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். கைபேசிக்கு எழுதத் தெரிந்தவனுக்கு மேசைக்கணினிக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதச் சொல்லி யாரும் காசு வைக்கவில்லை.

2025–26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதலில் நான்கு வரி சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வைஃபை, கேமரா, ஒலி எல்லாவற்றுக்குமான டிரைவர் கெர்னலிலேயே இருக்க வேண்டும். வேறு இயங்குதளம் போட பயாஸில் பூட்டு இருக்கக் கூடாது. லினக்ஸ் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று சேவை மையம் சொல்லக் கூடாது. எந்த இயங்குதளத்தில் ஓடினாலும் பழுது பார்க்கக் கொல்லிமலைச் செம்மேட்டுக்கு ஆள் வர வேண்டும். அதே கையோடு ஊராட்சி அலுவலகங்களுக்கும் இ-சேவை மையங்களுக்கும் அச்சுப்பொறி வாங்கும் டெண்டரில் "லினக்ஸ் டிரைவர் கட்டாயம்" என்று ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும். கேனானும் எப்சனும் டெண்டரைப் படித்து விலை போடத் தெரியாதவர்கள் அல்ல.