வாய் உண்டு, காது இல்லை

இப்போதெல்லாம் எந்த அலுவலகத்தின் இணையதளத்துக்குப் போனாலும் ஒரு படிவம் காத்திருக்கிறது. பெயர், ஊர், கைபேசி எண், குறை என்ன என்று நிரப்பிப் பொத்தானை அமுக்கினால், விரலை எடுப்பதற்குள் கைபேசி கிணுகிணுக்கிறது. "தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. நன்றி." அடடா, என்ன வேகம் என்று பலரும் பூரித்துப் போகிறார்கள். எனக்கு இதில் பூரிக்க ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குறுஞ்செய்தி பதில் அல்ல. நம் குறையை ஒரு மனிதர் படித்தார் என்பதற்கு அத்தாட்சியும் அல்ல. கதவைத் தட்டினால் கதவே "தட்டியதற்கு நன்றி" என்று சொல்வது மாதிரி. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

இது எப்படி நடக்கிறது என்று என் தங்கை மகன் விளக்கினான். அவன் இந்த இணைப்பு வேலையைத்தான் செய்கிறான். படிவத்தில் நிரப்பியது இணையதளத்தின் சர்வருக்குப் போகும். சர்வர் அதிலிருந்து பெயரையும் எண்ணையும் எடுத்து, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்துக்குத் தட்டிவிடும். அங்கே முன்பே எழுதிவைத்த வாசகம் ஒன்று இருக்கும். பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலி. காலியிடம் நிரம்பும், செய்தி பறக்கும். டிராய் 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, அனுப்புபவரின் அடையாள எழுத்துகளையும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிந்தாக வேண்டும். "எல்லாம் சட்டப்படிதான் மாமா" என்றான்.

"சரிடா, அந்த நம்பர் நிரப்பினவரோடதுதானான்னு யார் பாக்கறது?"

"அதுக்கு ஓடிபி வைக்கணும். ஒரு படி கூடினா பாதிப் பேர் நடுவுலயே போயிடுவாங்கன்னு கிளையண்ட் வேண்டாம்பாங்க மாமா."

வியாதி முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது. வாசகத்தைச் சரிபார்க்க ஏற்பாடு உண்டு, அனுப்புபவரைச் சரிபார்க்க ஏற்பாடு உண்டு. போய்ச் சேரும் இடத்தைச் சரிபார்ப்பது மட்டும் அவரவர் இஷ்டம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பெயரில் வாரம் இரண்டு குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. டயாலிசிஸுக்கு இன்ன நாள், இன்ன மணிக்கு வரவும் என்று நினைவூட்டல். யாரோ படிவத்தில் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். பதில் அனுப்பினேன், போகவில்லை. அனுப்புபவர் பெயர் வெறும் ஆங்கில எழுத்துகள், அதற்குத் திருப்பி அனுப்ப வழி இல்லை. ஒருநாள் நேரம் மாற்றப்பட்டதாக வந்தது. அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் பழைய நேரத்துக்குப் போய்க் காத்துக் கிடந்தால்? தொலைபேசியில் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. மூன்றாம் தடவை ஒரு பெண் குரல் கிடைத்தது. "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும் சார்? சொந்தம் இல்லைன்னா நாங்க மாத்த முடியாது."

பஸ் ஏறி நேரில் போனேன். வரவேற்பில் இருந்த ஊழியர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. பேனாவால் திருத்தி, அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டும் சொன்னார். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது என்பதுதான் என் வாதம்.

நான் தந்தி அலுவலகத்தில் காலம் கழித்தவன். 2013 ஜூலையில் தந்தி சேவைக்கே மூடுவிழா நடந்துவிட்டது; பழம்பெருமை பேச வரவில்லை. முன்பே எழுதிவைத்த வாசகம் எங்களிடமும் இருந்தது. வாழ்த்துத் தந்திக்கு எண் போட்ட வாசகங்கள். எண்ணைக் குறித்தால் போதும். ஆகவே இயந்திரத்தின் மேலோ தயார் வாசகத்தின் மேலோ எனக்குப் பகை இல்லை. ஆனால் தந்திப் படிவத்தின் அடியில் அனுப்புபவரின் பெயரும் முகவரியும் எழுதியாக வேண்டும். அது தந்தியில் போகாது. பெறுநர் அகப்படவில்லை என்றால், புறப்பட்ட அலுவலகத்துக்கே தகவல் திரும்பிவரும். அனுப்பியவரைத் தேடிச் சொல்ல அந்த முகவரி வேண்டும். செய்தி ஒன்று அனுப்பினால் அது சேராதபோது திரும்பிவரவும் பாதை வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த சங்கதி.

"ஆயிரம் பேருக்கு ஆள் போட்டுப் பதில் எழுத முடியுமா?" என்று கேட்பார்கள். நான் அதைக் கேட்கவில்லை. ரேஷன் கடையில் சாமான் வாங்கியதும் வரும் குறுஞ்செய்தி எவ்வளவு நல்ல காரியம்! வாங்காத பாமாயிலை வாங்கியதாக எழுதினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். வங்கிக் குறுஞ்செய்தியும் அப்படித்தான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்கு வாடிக்கையாளர் அங்கேயே பதில் அனுப்பி ஆட்சேபிக்க வசதி வேண்டும், அதற்காக அவரை இணையப் பக்கத்தைத் தேட வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. பணத்துக்கு இந்த நியாயம் பொருந்தும் என்றால் நோயாளிக்கும், சாக்கடை அடைப்புக்கும் ஏன் பொருந்தாது?

சாக்கடை என்றதும் இன்னொன்று. எங்கள் தெருவில் அடைப்பு என்று படிவத்தில் புகார் கொடுத்தோம். நான்காம் நாள் செய்தி வந்தது: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." தெருவில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கணினியில் யாரோ ஒரு கட்டத்தை மாற்றியதும் வாசகம் தானாகக் கிளம்பிவிட்டது. ஒப்புகைச் செய்தி சும்மா வந்தால் அசட்டுத்தனம். தீர்ந்தது என்று சும்மா வந்தால் அது பொய்ச்சாட்சி.

மொழியையும் விட முடியாது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம். தமிழுக்கு 70 தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. அதைத் தாண்டினால் இரண்டு செய்திக் கட்டணம். ஆகவே சில பைசா மிச்சம் பிடிக்க, ஆங்கிலம் படிக்காத ஆச்சிக்கும் ஆங்கிலத்திலேயே அனுப்புகிறார்கள்.

நான் கேட்பது நான்கே நான்கு. எண் நிரப்பியவருடையதுதானா என்று ஓடிபி வைத்துப் பார்த்தபின் மற்ற செய்தியை அனுப்புங்கள். "இது என் எண் அல்ல" என்று சொல்ல ஒரு வழி வையுங்கள், அதை ஒரு மனிதர் படிக்கட்டும். புகார் கொடுத்தவர் ஆமாம் என்று சொல்லாமல் "தீர்ந்தது" என்று அனுப்பாதீர்கள். தமிழருக்குத் தமிழில் எழுதுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. படிவத்தில் எண்ணை அடித்தபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். எண் கட்டாயம் இல்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். விளம்பரத் தொல்லைக்கு 1909 இருக்கிறது. 2025 திருத்தத்துக்குப் பிறகு செய்தி வந்து ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். "தீர்க்கப்பட்டது" என்று வந்தால் நம்பி உட்காராமல் மறுபடி புகார் கொடுங்கள். எங்கள் தெருவில் மூன்று தடவை கொடுத்தோம். மூன்றாம் தடவைதான் ஆள் வந்தார், கையில் கம்பியோடு. அன்றைக்கு யாருக்கும் குறுஞ்செய்தி வரவில்லை. தண்ணீர் மட்டும் வடிந்தது.