கண்ணாடித் தொட்டிக்கு எந்த நத்தை?



மீன் தொட்டியின் கண்ணாடியில் பச்சைப் பாசி படியத் தொடங்கியதும், "இரண்டு நத்தையை வாங்கிப் போடு, வழித்துத் தின்றுவிடும்" என்று யாராவது சொல்வார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் எந்த நத்தை என்பதில் கவனம் வேண்டும். கேமரன் மலையில் குடியிருப்போருக்கு அந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

ஏன் தெரியுமா? தேயிலை, அமிலத் தன்மையுள்ள மண்ணில் செழிக்கும் செடி. 1929-இல் இங்கே போ தோட்டம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து அந்த மண்தான் நம்மவர்களுக்குச் சோறு போட்டது. அத்தகைய மண்ணிலும் கருங்கல் பாறையிலும் ஊறி வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. நத்தையின் ஓடோ சுண்ணாம்பால் ஆனது. ஆகவே தேயிலைக்கு உகந்த இடத்துத் தண்ணீர் நத்தைக்கு ஆவதில்லை. சில மாதங்களில் ஓட்டின் உச்சி வெளுத்து, குழி விழுந்து, அரிக்கத் தொடங்கும்.

இதற்குப் பெரிய செலவில்லாத வைத்தியம் உண்டு. கூண்டுக் கிளிகளுக்கென்று கடைகளில் விற்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைக் கழுவித் தொட்டியில் போட்டு வையுங்கள். அல்லது முட்டை ஓட்டை வேகவைத்து, உள்தோலை நீக்கி, நொறுக்கிப் போடலாம். அது மெல்லக் கரைந்து சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கும்.

அடுத்தது குளிர். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இரவில் வெப்பம் 15 பாகை வரை இறங்குவது நமக்குப் பழக்கம். நத்தைகள் எல்லாவற்றுக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

இனி நத்தைகளைப் பார்ப்போம்.

பாசி தின்பதில் முதலிடம் நெரைட் நத்தைக்கு. வரிக்குதிரை போல் கோடு போட்டதும் உண்டு, புள்ளி போட்டதும் உண்டு. கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சளைக்காமல் சுரண்டும். அதன் குஞ்சுகள் பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. எள்ளைப் போல வெள்ளை முட்டைகளை ஒட்டி வைக்கும். அது ஒன்றுதான் குறை. 22 முதல் 26 பாகை வரை அதற்கு இதமான சூடு. எனவே மலையில் இதை வளர்ப்பவர்கள் சிறு ஹீட்டர் ஒன்று வைப்பது நல்லது. வெளியே ஏறிப் போகும் குணமும் உண்டு. தொட்டிக்கு மூடி போடுங்கள்.

ஹீட்டர் இல்லாமல் தங்க மீன் வளர்ப்பவர்களுக்கு ராம்ஸ்ஹார்ன் என்னும் தட்டைச் சுருள் நத்தை பொருந்தும். குளிரைத் தாங்கும். வெகு வேகமாகப் பெருகும் என்றாலும், குட்டி நத்தைகளைத் தங்க மீன்களே தின்று ஓரளவு கணக்கைச் சரி செய்துவிடும்.

மலேசிய ஊதுகுழல் நத்தை என்று நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒன்றும் உண்டு. அது பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மணலைக் கிளறிவிட உதவுமே தவிர, கண்ணாடிப் பாசிக்கு அதை நம்ப வேண்டாம். துணையில்லாமல் ஒன்றே குட்டி போட்டுத் தொட்டியை நிரப்பிவிடும்.

கடையில் வாங்கும்போது கண்ணாடியில் கெட்டியாக ஒட்டியிருப்பதையும் ஓடு அரிக்காததையும் பொறுக்கி எடுங்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு ஒன்று போதும். பாசி தீர்ந்துவிட்டால் வெந்நீரில் வாட்டிய கீரையோ வெள்ளரித் துண்டோ கொடுங்கள். இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். மயில்துத்தம் போன்ற செம்புச் சத்துள்ள மருந்து ஒரு துளி பட்டாலும் நத்தைக்கு ஆபத்து. மீனுக்கு மருந்து ஊற்றுமுன் சீட்டைப் படியுங்கள். மருந்தடிக்கும் காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரையும் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக, மிகவும் முக்கியமான ஒன்று. பொன் நிறத்தில், கோலிக்குண்டு அளவில் அழகாக இருக்கும் நத்தையைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். சிப்புட் கோண்டாங் எமாஸ் என்பது அதுவாக இருக்கலாம். தென் அமெரிக்காவில் பிறந்த அந்த இனத்தை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து ஆசியாவெங்கும் பரவி, 1991-இல் மலேசியாவிலும் தென்பட்டது. இளம் நெற்பயிரை அடியோடு தின்னும் அந்த நத்தையால் விவசாயிகள் படும் பாடு கொஞ்சமல்ல. தொட்டியில் விட்டாலும் பாசியை விட்டுவிட்டு நீர்ச்செடிகளைத்தான் முதலில் மேயும். நீர்மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தெரிந்தால், கையால் தொடாமல் குச்சியால் சுரண்டி நசுக்கிவிடுங்கள்.

எந்த நத்தையானாலும், வேண்டாம் என்று ஆற்றிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். மேட்டில் கொட்டியது பெர்த்தாம் ஆற்றோடு இறங்கி எங்கே போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? கூடுதலாகிவிட்டால், தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். பிள்ளைகள் நத்தையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நத்தைகளில் எலிகளிடமிருந்து வரும் புழு இருக்கக்கூடும்.

பாசி வருவது அதிக வெளிச்சத்தாலும் அளவுக்கு மீறிய தீனியாலும்தான். ஜன்னல் வெயிலிலிருந்து தொட்டியை நகர்த்தி, தீனியையும் குறைத்துப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிக்கு மட்டும் நத்தை போதும்.