சக்கரத்தின் மேல் ஒரு தகர வீடு

கராச்சர்மாவிலிருந்து மேஸ்திரி அன்பர் ஒருவர் நமது பகுதிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பழைய வேன் ஒன்றை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, நால்வர் படுக்கப் பலகையும் அடுப்பு வைக்க மேடையும் அமைத்திருக்கிறாராம். டிக்ளிப்பூரில் அவருக்குக் கட்டட வேலை. பள்ளி விடுமுறையில் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்று, வேலைத் தலத்திலேயே அவ்வண்டியில் தங்குவதாக உத்தேசம். ஒரு நாள் நண்பகலில் வண்டியை வெயிலில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பார்த்தபோது, அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லின் அடியில் உட்கார்ந்தாற்போல் இருந்ததாம். மதுரையிலுள்ள மைத்துனர் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிக்கச் சொல்கிறார். இங்குள்ள நண்பரோ சிறிய ஜெனரேட்டர் ஒன்றும் ஏர்கண்டிஷன் கருவியும் வாங்கச் சொல்கிறார். இவற்றுள் எது நலம் என்பது அன்பரின் வினா.

இரண்டும் வேண்டாம் என்பதே என் விடை. முன்னது இங்கே பயன் தராது; பின்னது உயிருக்கு ஆபத்து.

இரயிலே ஓடாத தீவில் உட்கார்ந்து இரயில் சீட்டு முன்பதிவு செய்து கொடுக்கும் குமாஸ்தாவுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் நகைக்கலாம். இரயில் பெட்டியும் சக்கரம் பூட்டிய தகர வீடுதானே! வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் மனிதரை எவ்வாறு வைத்திருப்பது என்ற கேள்வியோடு எங்கள் இலாகா நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அதில் எத்தனையோ பாடங்கள் உண்டு.

வெட்டிவேர்த் தட்டியையே எடுத்துக்கொள்வோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே வடநாட்டு இரயில்களில் முதல் வகுப்புப் பெட்டிகளின் ஜன்னல்களில் அதைக் கட்டி, நீர் ஊற்றி வந்தார்கள். 1934இல் பிராண்டியர் மெயிலில் பனிக்கட்டிப் பாளங்களைப் பெட்டியின் அடியில் ஏற்றி, அவற்றின் மேல் பட்ட காற்றை உள்ளே செலுத்தினார்கள். நிலையத்துக்கு நிலையம் பனிக்கட்டியை மாற்றவேண்டும். பணம் படைத்தோர் பயணம் அப்படி. தட்டியின் சூட்சுமம் நம் வீட்டு மண்பானையின் சூட்சுமமே. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஆனால் நீர் ஆவியாக வேண்டுமானால் காற்று வறண்டிருக்க வேண்டும். மதுரையில் பானைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கிறது. அதே பானையை இங்கே கொண்டுவந்து வைத்தவர்கள், "மண் சரியில்லை" என்று குயவரைக் குறை கூறுகிறார்கள். குறை மண்ணில் இல்லை, காற்றில்.

கணக்காகவே பார்ப்போம். டில்லியில் மே மாதப் பிற்பகல் ஒன்றில் வெயில் 41 டிகிரியும், காற்றின் ஈரப்பதம் 20 சதவீதமுமாக இருந்தால், ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி ஏறக்குறைய 23 டிகிரி வரை இறங்கும். பதினெட்டு டிகிரி லாபம்! இங்கே 32 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும்போது அது 28 வரை இறங்கினாலே பெரிது. அந்த நான்கு டிகிரியும் முழுவதாகக் கைக்கு வராது. அதோடு, தட்டியின் ஈரமெல்லாம் வண்டிக்குள்ளேயே தேங்கி நம் வியர்வையை உலரவொட்டாமல் தடுக்கும். வியர்வை உலராவிட்டால் உடல் குளிர வழியேது? இன்னொன்றும் உண்டு. தனிக்காரி அணை வற்றி, குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்கூட வராத கோடையில், குடிக்கும் நீரைத் தட்டியிலும் கூரையிலும் ஊற்ற எந்தக் குடும்பத் தலைவிக்கு மனம் வரும்?

இனி ஜெனரேட்டர் விஷயம். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த நவீன சொகுசு வண்டி ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏர்கண்டிஷன் கருவியை இயக்குவதற்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்தவர்கள் அவர்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளே புகுந்ததே காரணம் எனப் பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டார்கள். அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவனை அது எழுப்புவதில்லை. தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடுகிறது. வண்டியின் சொந்த எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் படுப்பதும் இதே வகைதான். "சிறிது நேரம்தானே" என்று படுத்துக் கண்ணயர்ந்தவர்கள் பலர். மேஸ்திரி அன்பர் கோபித்துக்கொண்டாலும் சரி, இரண்டு குழந்தைகள் உறங்கும் வண்டிக்கு ஜெனரேட்டர் வாங்கலாம் என்று நான் எழுதமாட்டேன்.

பின் என்னதான் செய்வது? வந்துவிட்ட வெப்பத்தை விரட்டுவதைவிட, வராமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு.

வெப்பம் முதலில் இறங்குவது கூரை வழியாக. போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) ஏறக்குறைய 11 டிகிரி 40 நிமிட வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் 20ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறான். அந்நாட்களில் வண்டியின் பக்கங்களைவிடக் கூரையே அதிகம் காய்கிறது. கூரைக்கு வெள்ளை எனாமல் பூசுங்கள். கருநிறத் தகரம் கை வைக்க முடியாமல் சுடும் நேரத்தில், வெள்ளைத் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருக்க முடியும். சுண்ணாம்பு அடித்தால் போதாதா எனில், முதல் மழையிலேயே அது வழிந்தோடிவிடும்; நம் ஊர் மழையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வெள்ளையடித்ததற்கு மேலே ஒரு தார்ப்பாய். அதைக் கூரையோடு ஒட்டிக் கட்டலாகாது. மூங்கில் கொடுத்து ஒரு சாணாவது உயர்த்தி, இரு முனையும் திறந்திருக்கக் கட்டவேண்டும். வெயில் தார்ப்பாயில் விழும். அதனடியில் காற்று ஓடும். கூரை நிழலில் இருக்கும். பழைய நாட்களில் இந்திய இரயில் பெட்டிகளுக்கு இரட்டைக் கூரை போட்டதும், ஜன்னலுக்கு மேல் இமை போலத் தகரம் சாய்த்ததும் இதே நோக்கத்தோடுதான். ஒட்டிக் கட்டினால் வேறொரு கேடும் நேரும். உப்புக் காற்றின் ஈரம் அடியில் தங்கி, ஓராண்டுக்குள் கூரை துருப்பிடித்துச் சல்லடையாகிவிடும்.

இது குமாஸ்தாவின் கற்பனை என்று எண்ணவேண்டா. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய்க் காலத்தில், 5,000க்கு மேற்பட்ட இரயில் பெட்டிகளை நோயாளர் தங்கும் அறைகளாக மாற்றினார்கள். ஏர்கண்டிஷன் இல்லாத பெட்டிகள். நிறுத்தியதோ வடநாட்டுக் கோடையில். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வண்ணம் பூசியதில் 2 டிகிரிக்குச் சற்று மேலும், காற்றுக் குமிழிகள் நிறைந்த பிளாஸ்டிக் உறையைக் கூரைமேல் விரித்ததில் 1 டிகிரி வரையிலும் உள்வெப்பம் குறைவதாக அப்போது இரயில்வே அறிவித்தது. கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி வருமே, அதே குமிழி உறை. அதில் அடைபட்டிருக்கும் காற்றுக்குத்தான் அந்த மகிமை.

தாய்நாட்டில் நான் வேலை பார்த்த சந்திப்பு ஒன்றில், தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளர் தங்கும் முகாம் பெட்டி ஒன்று பக்கவழித் தடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. கூரையில் ஏறுவது யமனைக் கூவி அழைப்பதாகும். ஆகவே அவர்கள் கூரையை விட்டுவிட்டு, மேற்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுத் தட்டிகளை ஒரு முழம் தள்ளிச் சாய்த்து வைத்திருப்பார்கள். மாலை வெயில் கீற்றோடு நின்றுவிடும். இரவில் உள்ளே படுக்க முடியும். அந்த ஒரு முழ இடைவெளியை அவர்களுக்கு எந்த எஞ்சினீயரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம் தீவிலேயே பாடம் இல்லாமலில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், வீடிழந்தோர்க்குத் தகரக் கொட்டகைகள் எழுந்தன. அவற்றில் பகலில் இருக்க மாட்டாமல் மக்கள் மரத்தடிக்கு ஓடியதை மூத்தவர்கள் அறிவர். நிக்கோபார் மக்களின் பழைய குடிசையோ தேன்கூடு போன்ற கனத்த புல்வேய்ந்த கூரையோடு, கால்களின் மேல் உயர்ந்து நிற்பது. அடியிலும் காற்று, மேலே தடித்த வேய்ச்சல்.

அடுத்தது கண்ணாடி. உட்புறம் திரை தொங்கவிட்டால் வெயில் உள்ளே வந்த பிறகு தடுப்பதாகும். வெளிப்புறத்தில் பாயையோ பலகையையோ சார்த்துவதே முறை. வண்டியைக் கிழக்கு மேற்காக, முன்கண்ணாடி கிழக்கு நோக்க நிறுத்துக. நீண்ட பக்கங்கள் தப்பும். உறங்கப்போகும் வேளைக்கு முந்திய மேற்கு வெயில் கண்ணாடியில் விழாது. நேரத்தைக் கணிக்கும்போது ஒன்றை நினைவிற் கொள்க. நம் கடிகாரம் தாய்நாட்டுக் கடிகாரம். நம் சூரியன் ஏறக்குறைய 40 நிமிடம் முந்தியவன். இங்கே உச்சிவேளை 12 மணிக்கு அல்ல, 11.20 அளவிலேயே. நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவோர் பலர் இக்கணக்கில் ஏமாறுகிறார்கள்.

மரநிழல் எல்லாவற்றிலும் மேலானது. தூங்குமூஞ்சி மரமோ மாமரமோ கிடைத்தால் பாக்கியம். தென்னையின் கீழ் மட்டும் வேண்டாம். அதன் நிழல் சல்லடை. அதன் காய் இடி.

காற்றுக்கு, ஒரு பக்கம் தாழ்வான ஜன்னலும் எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டிய திறப்பும் இருக்கட்டும். சூடான காற்று மேலே சேர்வதால் அவ்வழியே வெளியேறும். மேல்திறப்பில் ஒரு சிறு 12 வோல்ட் விசிறியை வெளிநோக்கி வைத்து, இன்னொன்றைப் படுக்கைமேல் வீசவிடலாம். ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் இழுத்தாலும், 9 மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணிதான். 100 ஆம்பியர்-மணித் தனி பாட்டரி தாராளமாகத் தாங்கும். திறப்புகளுக்குக் கொசுவலை அவசியம். வலை காற்றைக் குறைக்குமாதலால் திறப்பைப் பெரிதாக வைக்கவேண்டும். சமையல் வண்டிக்கு வெளியே. மேடை கட்டிவிட்டேனே என்றால், சாமான் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டிக்ளிப்பூர் போகும் வழியைப் பற்றி. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனத் தொடர் புறப்படும் வரை காத்திருக்கவேண்டும். மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகுக்காக மறுபடியும். இடையே ஜாரவா காப்புப் பகுதியில் வண்டியை நிறுத்த அனுமதி இல்லை. ஆகவே நீர்ப்பாத்திரங்களைப் புறப்படுமுன் நிரப்பிக்கொள்க. காத்திருக்கும் இடங்களில் எல்லாரும் இறங்கி நிழலில் நிற்க. "குழந்தை தூங்குகிறது, எழுப்பவேண்டாம்" என்று பூட்டிய வண்டியில் விட்டுச் சீட்டு வாங்கப் போவோரைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். வெயிலில் நிற்கும் மூடிய வண்டியில் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி ஏறும். முதல் அரைமணிக்குள்ளேயே பெரும்பகுதி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் விசேஷப் பயன் இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட விரைவாகச் சூடேறும். அழுதாலும் எழுப்பித் தூக்கிக்கொண்டு போங்கள்.

வேனின் கூரை இப்போது என்ன நிறம் என்பதை அன்பர் எழுதவில்லை. சாதாரண உஷ்ணமானி ஒன்றை வாங்கி, தார்ப்பாய் கட்டுமுன் ஒரு நாளும் கட்டியபின் ஒரு நாளும், பகல் 1 மணிக்கு வண்டிக்கு உள்ளேயும் வெளியே நிழலிலும் பார்த்துக் குறித்து அனுப்பினாரானால், அந்நான்கு எண்களையும் அடுத்த இதழில் வெளியிடுவேன்.